பேச்சு இருந்தும் வாய் திறக்காத பிள்ளைகள்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஐந்தாம் நாள், நவம்பர் 1 அன்று, தமிழ்நாடு முழுக்க ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டியவை. ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலர் அதற்கு முன் வகுப்பறையில் உட்கார்ந்ததே இல்லை. அழுதார்கள். அம்மாவின் முந்தானையை விட மறுத்தார்கள். பெயர் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். சில வாரம் போனதும் கூச்சம் தெளிந்து, வகுப்பை அடக்குவதே ஆசிரியருக்குப் பெரும்பாடாகிவிடும். சின்ன வகுப்பு எடுக்கிற எவருக்கும் இது தெரியும்.

அப்படித் தெளியாத பிள்ளை ஒன்றும் உண்டு. கொரோனா ஆண்டில் மட்டுமில்லை, எந்த ஆண்டிலும் உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது அதற்கு ‘உள்ளேன் டீச்சர்’ சொல்ல வராது. கை மட்டும் பாதி உயரும். பக்கத்துப் பிள்ளை எழுந்து, “வந்திருக்கா டீச்சர், ஆனா பேச மாட்டா” என்று சொல்லும். எழுதச் சொன்னால் எழுதும், கணக்குப் போடும், படம் வரையும். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்காது. ஒன்றுக்கு வந்தால் சொல்லாது, பாவாடை நனைந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். விளையாடும்போது விழுந்து முட்டி பெயர்ந்தால் கண்ணில் நீர் வரும், சத்தம் வராது. நாலு மணிக்குப் பள்ளி விட்டுத் தெருமுனை திரும்பியதும் அதே பிள்ளை தம்பியை அதட்டும், பாட்டுப் பாடும், அன்று வகுப்பில் நடந்ததை அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும். “உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா?” என்று ஆசிரியை கேட்பார். “வீட்ல இவ வாயை மூட முடியல டீச்சர்” என்று அம்மா சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதில்லை.

ஊரில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்கள். அழுத்தக்காரி, வேண்டுமென்றே பேச மாட்டாள் என்பார்கள். இரக்கம் உள்ளவர்கள் கூச்ச சுபாவம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். மூன்றுமே பிள்ளைக்கு உதவாத பதில்கள். மூன்றாவது பதில் அன்பாகச் சொல்லப்படுவதால் அதுதான் மற்ற இரண்டையும்விட நீண்ட காலத்தை வீணாக்குகிறது.

மருத்துவத்தில் இதன் பெயர் செலக்டிவ் மியூட்டிசம். இது ஒரு பதற்றக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலும் அங்கேதான் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் நன்றாகப் பேசும் பிள்ளை, பேச வேண்டிய இன்னோரிடத்தில் தொடர்ந்து பேசாமல் இருக்க வேண்டும். அந்த இன்னோரிடம் பெரும்பாலும் பள்ளிதான். இது ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும், பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. படிப்போ பழக்கவழக்கமோ இதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே பேசுகிற மொழி தெரியாததால் வந்த மௌனமாக இருக்கக் கூடாது. திக்குவாய், ஆட்டிசம் போன்ற வேறொன்றே முழுக் காரணமாகவும் இருக்கக் கூடாது. இவ்வளவும் பொருந்தினால்தான் இந்தப் பெயர் வைப்பார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது.

இது பதற்றக் கோளாறு என்ற முடிவுக்கு வர மருத்துவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் 1877-இல் இத்தகைய மௌனத்தைப் பற்றி எழுதியபோது, நோயாளி தன் விருப்பத்தால் மேற்கொண்ட பேச்சிழப்பு என்றே வகைப்படுத்தினார். 1934-இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மனநல மருத்துவர் மோரிட்ஸ் டிராமர் வைத்த பெயரிலும் பிள்ளையின் விருப்பம் என்ற கருத்து ஒட்டிக்கொண்டிருந்தது. 1980-இல் வெளியான டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு, பிள்ளை பேச மறுக்கிறது என்று எழுதியது. 1994-இன் நான்காம் பதிப்பில்தான் மறுப்பு என்பதை எடுத்துவிட்டார்கள். இதன் விளைவு சிகிச்சையில் தெரிந்தது. பிடிவாதம் என்று நினைத்தவரை பிடிவாதத்தை உடைக்கப் பார்த்தார்கள். பயம் என்று தெரிந்த பிறகுதான் பயத்தைக் குறைக்கும் வழியைத் தேடத் தொடங்கினார்கள்.

பயம்தான் என்பதற்குச் சான்று என்ன? அமெரிக்காவில் பிளாக், ஊடே என்ற இருவர் இப்படிப் பேசாத 30 குழந்தைகளை ஆராய்ந்து 1995-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 97 விழுக்காட்டினருக்குப் பிறர் முன்னிலையில் ஏற்படும் சமூகப் பதற்றமோ அதையொத்த ஒதுங்கும் கோளாறோ இருந்தது. மனதைக் காயப்படுத்தும் சம்பவம் ஏதாவது இந்த மௌனத்துக்குக் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 22 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 837 குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். அதில் 80 விழுக்காட்டினருக்கு இன்னொரு பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் பயத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. நார்வேயில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வு 54 குழந்தைகளைப் பரிசோதித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் பேச்சு, மொழி, உடலசைவு போன்றவற்றின் வளர்ச்சியில் ஏதோ ஒரு தாமதமும் இருந்தது. 2018-இல் சுவீடனின் ஒரு மருத்துவ மையம் தன்னிடம் வந்த 97 பிள்ளைகளைப் பார்த்து, 63 விழுக்காட்டினருக்கு ஆட்டிசமும் இருக்கிறது என்றது. இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கேள்வி. பெற்றோருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், காதையும் பேச்சையும் வளர்ச்சியையும் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துவிட வேண்டும் என்பதே. பேசினால்தான் சோதிக்க முடியும் என்பதில்லை. மரப்பலகைக் குழிகளில் வடிவங்களைப் பொருத்தச் செய்யும் சேகுயின் பலகை நம் நாட்டு மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. வாயைத் திறக்காமலே பிள்ளை அதைச் செய்து முடிக்கலாம். பதில் சொல்லாத பிள்ளையை மனவளர்ச்சி குன்றியது என்று முடிவுகட்டுவதுதான் இதில் நடக்கக்கூடிய மிகப் பெரிய அநியாயம்.

பயம் எப்படி ஒரு வாயைப் பூட்டிவைக்கிறது என்பதை வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். விருந்தாளி வந்திருக்கிறார். “பேரு என்னம்மா?” என்கிறார். பிள்ளையின் உடம்பு விறைக்கிறது. தொண்டை இறுகுகிறது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அவர் சிரிக்கிறார். எல்லாரும் பிள்ளையின் வாயையே பார்க்கிறார்கள். அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கிறது. “யூகேஜி போறா மாமா, புது ஆளுங்கன்னா பேச மாட்டா” என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். பார்வைகள் விலகுகின்றன. பிள்ளையின் படபடப்பு அடங்குகிறது. பேசாமல் இருந்தால் பயம் போய்விடும் என்று அந்த நொடியில் அதன் மூளை கற்றுக்கொள்கிறது. தானே பதில் சொல்லிவிட்டால் சங்கடம் தீரும் என்று அம்மாவும் கற்றுக்கொள்கிறார். வகுப்பில் தோழி சொல்லும் ‘பேச மாட்டா’வும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாளுக்குப் பத்து முறை, வருஷத்துக்கு 200 பள்ளி நாள் இது நடந்தால் மௌனம் கெட்டிப்பட்டுப்போகும். கொஞ்ச காலத்தில் ‘பேசாத பிள்ளை’ என்பதே அதன் அடையாளமாகிவிடும். பேச விரும்பினாலும், இன்று பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்.

இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தத் தாயாலும் முடியாது. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்று மாமியாரும் அக்கம்பக்கமும் சொல்லும் பழியை இந்தத் தாய்மார்கள் சுமக்க வேண்டியதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன், புதிய ஆளையும் புதிய பொருளையும் கண்டால் ஒடுங்கிப்போகும் சுபாவம் கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிகிறது என்று பல ஆண்டு ஆய்வில் காட்டினார். அவர் கணக்கில் 15 முதல் 20 விழுக்காடு குழந்தைகள் அப்படிப் பிறக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலரே இந்த மௌனத்துக்குள் போகிறார்கள். குடும்பத்திலும் இதன் சாயல் இருப்பதுண்டு. ‘நானும் சின்ன வயசுல இப்படித்தான்’ என்று அப்பாவோ அத்தையோ சொல்வது மருத்துவருக்குப் பயனுள்ள தகவல். இஸ்ரேலில் காதின் வேலையை ஆராய்ந்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். நாம் பேசும்போது நம் குரலே நம் காதை அடைத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு, இந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சரியாக வேலை செய்வதில்லை.

முற்றிலும் வேறான மௌனம் ஒன்று உண்டு. எல்லாரிடமும் எங்கேயும் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒரு நாள் பேச்சை நிறுத்துவது. அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ சிறுமியாக இருந்தபோது பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட யாரிடமும் பேசவில்லை. அது அதிர்ச்சியில் வந்த மௌனம். அப்படி ஒரு பிள்ளை திடீரென்று ஊமையானால் கூச்சம், சுபாவம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. என்ன நடந்தது என்று உடனே பார்க்க வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்க வேண்டும்.

மொழியின் பங்கு என்ன என்பது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் மிக நெருக்கமான கேள்வி. மேற்கு ஜெருசலேமில் 2003-இல் வெளியான ஆய்வொன்று, பொதுவாக 0.76 விழுக்காடு குழந்தைகளிடம் இந்தக் கோளாறைக் கண்டது. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது 2.2 விழுக்காடாக, ஏறத்தாழ மூன்று மடங்காக, இருந்தது. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்றாலே கோளாறு வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. புது மொழிக்குள் நுழையும் எந்தக் குழந்தையும் சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், அது இயல்பு. ஆனால் உள்ளூரப் பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு மொழியும் சேர்ந்து பாரமாகிறது. உருது பேசும் வீட்டிலிருந்தும், தெலுங்கு பேசும் வீட்டிலிருந்தும், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்தும் இங்கே பிள்ளைகள் தமிழ் வகுப்பறைக்கு வருகிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த மூன்றரை வயதுப் பிள்ளை எல்கேஜியில் ‘மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்’ என்று கேட்டால்தான் வெளியே போக முடியும் என்றால், அதற்கும் இது குடியேற்றம்தான். திண்டிவனம் ரோசனையில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய தாய்த் தமிழ்ப் பள்ளியை மொழிப்பற்றின் கோணத்தில் மட்டுமே பேசுவது வழக்கம். சிறு பிள்ளையின் பயத்தில் ஒரு பங்கைக் குறைக்கும் ஏற்பாடு என்றும் அதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் இருளர் வீட்டுப் பிள்ளை, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து வகுப்பின் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு மருத்துவப் பெயர் வைக்கும் முன் வகுப்பைப் பார்க்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்தார்களா? பாடம் எங்கே போய்விட்டது என்று தெரியாமல் விழிக்கிறதா? அப்படியானால் குணப்படுத்த வேண்டியது அந்த வகுப்பறையை.

எத்தனை பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்? லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஆசிரியர்களைக் கேட்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, யூகேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை 0.71 விழுக்காடு என்றது. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஏழு பேர். அந்த விகிதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், 150 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஒருவர் இருக்கலாம். நம் கணக்கெடுப்புகளில் இந்தப் பிள்ளை அகப்படுவதே கடினம். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாட்டையும் உள்ளடக்கியது. அதில் பெரியவர்களை விட்டால் 13 முதல் 17 வயதினரைத்தான் பார்த்தார்கள், 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. மூன்று நான்கு வயதில் தொடங்கும் கோளாறு அந்த வலையில் எப்படி விழும்? 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகின்றன. அவர்கள் தேடும் 30 குறைபாடுகளில் பேச்சுத் தாமதம், கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் இருக்கின்றன. வீட்டில் பேசிவிட்டு வகுப்பில் பேசாத பிள்ளைக்கு அங்கே தனி இடம் இல்லை. குழு வரும் நாளிலும் அந்தப் பிள்ளை அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கும். தொந்தரவு செய்யாத பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை.

அனுப்பாத இடைவெளியை வேறு வழிகள் நிரப்புகின்றன. நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். மயிலம் முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொள்கிறார்கள், அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. வேண்டுதல் பெற்றோரின் மனதைத் தாங்கிப் பிடிக்கிறது என்றால் அதைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, ‘பேசு, பேசு’ என்று பூசாரியோ உறவினரோ மிரட்டுவது பயத்தை இரட்டிப்பாக்கும். கோயிலுக்குப் போவதால் மருத்துவரிடம் போவது இரண்டு வருஷம் தள்ளிப்போனால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

சிகிச்சை என்றதும் பெரிய மருத்துவமனை, பெரிய செலவு என்று மனம் கணக்குப் போடும். இந்தக் கோளாறில் அப்படியில்லை. பிள்ளை எங்கே பேசவில்லையோ அங்கேதான் அதைப் பேசவைக்க முடியும், அதாவது பள்ளியில். கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கும் முறை இங்கே ஆகாது. ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த பேச்சுச் சிகிச்சையாளர்கள் மேகி ஜான்சனும் அலிசன் விண்ட்ஜென்ஸும் 2001-இல் வெளியிட்ட கையேடு விவரிக்கும் ஒரு முறையைத் திண்டிவனத்தின் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் செய்வதாக வைத்துக்கொண்டால் இப்படி இருக்கும்.

பள்ளி விட்டு வகுப்பு காலியானதும் அம்மாவும் பிள்ளையும் மட்டும் உள்ளே இருக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. தரையில் தாயக்கட்டம். தாயம் போட்டுக் காய் நகர்த்தும்போது கட்டங்களைச் சத்தமாக எண்ணுகிறார்கள், அம்மா ஒன்று என்றால் பிள்ளை இரண்டு, அம்மா மூன்று என்றால் பிள்ளை நான்கு. வீட்டில் எண்ணுகிற அதே குரல் வகுப்பறைச் சுவர்களுக்குள் கேட்டுவிட்டால் முதல் படி தாண்டியாயிற்று. அடுத்த முறை ஆசிரியை வராந்தாவின் கோடியில் நடந்துகொண்டிருப்பார், பிள்ளைக்கு அது முன்பே சொல்லப்பட்டிருக்கும். அதற்கடுத்து கதவு ஒரு சாண் திறந்திருக்கும். பிறகு ஆசிரியை உள்ளே வந்து, முதுகைக் காட்டியபடி நோட்டுத் திருத்துவார். பிறகு ஒரு நாற்காலி அருகே வருவார். எண்ணிக்கை தொடர்கிறதா? தொடர்ந்தால் ஆட்டத்தில் அவரும் சேர்வார், அம்மா ஒன்று, பிள்ளை இரண்டு, டீச்சர் மூன்று. குரல் நின்றுபோனால் ஒரு படி பின்னால் போவார்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆசிரியையோடு எண்ணுவது பழகியதும் அம்மா கதவருகே நகர்ந்து, வெளியே போய்விடுவார். எண்ணிக்கை மெல்ல ஒற்றைச் சொற்களாகும், பிறகு ‘ஆமாம், இல்லை’, பிறகு ‘சிவப்பா நீலமா?’ என்ற கேள்விக்கு விடை. அதன்பின் ஒரு தோழியை ஆட்டத்தில் சேர்ப்பார்கள், பிறகு இன்னொருத்தியை. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று முறையாவது. சில பிள்ளைகளுக்கு நான்கைந்து வாரத்தில் நடக்கும், சிலருக்கு ஓராண்டு பிடிக்கும்.

நார்வேயின் பேயாட்டே ஓர்பெக் குழுவினர் வீட்டிலும் பள்ளியிலுமாகச் செய்த சிகிச்சையில் ஆசிரியர் நடந்துகொள்ளும் விதத்துக்குத் தனிக் கவனம் கொடுத்தார்கள். பிள்ளைக்கு எதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். அதன் முகத்தைப் பார்க்காமல் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைப் பாருங்கள். கேள்வி கேட்பதைவிட, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இந்த யானைக்கு என்ன கலர் அடிக்கலாம்னு யோசிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் வராவிட்டால் பேச்சைத் தொடருங்கள். பதில் வந்தால், எந்தப் பிள்ளையின் பதிலையும் ஏற்பதுபோலவே சாதாரணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைசி வரிதான் நம் பள்ளிகளில் மிகக் கடினமானது. நம் ஆசிரியர்கள் பாசக்காரர்கள். மாதக்கணக்கில் பேசாத பிள்ளை ஒரு சொல் சொன்னதும் ஆசிரியை பூரித்துப்போய், “எல்லாரும் கை தட்டுங்க, பேசிட்டா!” என்பார். நாற்பது ஜோடிக் கண்கள் திரும்பும். அந்தப் பிள்ளை எந்த நொடிக்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடியிருந்ததோ அந்த நொடியே வந்துவிடுகிறது. மறுநாள் முதல் மீண்டும் மௌனம். பேசினால் சாக்லேட், பேசாவிட்டால் பிரேயரில் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடுகளும் இப்படித்தான் முடியும்.

இந்த முறைகள் பலன் தருகின்றனவா? ஓர்பெக் குழு சிகிச்சை அளித்த 30 குழந்தைகளை ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தது. 21 பேர் முற்றிலும் மீண்டிருந்தார்கள், 5 பேர் ஓரளவு மீண்டிருந்தார்கள், 4 பேருக்குக் கோளாறு நீடித்தது. வயது கூடிய பிறகு சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 2013-இல் 21 சிறுவர்களிடம் நடந்த சோதனையில், 24 வாரச் சிகிச்சைக்குப் பின் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தக் கோளாறின் வரம்பைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். காத்திருப்பில் வைக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட வரவில்லை. சிறிய ஆய்வுகள்தான். ஆனால் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. மருந்தைப் பொறுத்தவரை, 1994-இல் 15 குழந்தைகளிடம் ஃபுளுஆக்ஸடின் மருந்தைச் சோதித்தார்கள். ஓரளவு முன்னேற்றம் இருந்தது, முழுக் குணம் இல்லை. நீண்ட நாள் நீடித்த, கடுமையான நிலையில் மனநல மருத்துவர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு அது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டு இரட்டையர் ஜூன், ஜெனிஃபர் கிப்பன்ஸ் கதையைப் பலரும் சொல்வதுண்டு. 1963-இல் பிறந்த இவர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசினார்கள். பள்ளியில் நிறத்துக்காகக் கொடுமைக்கு ஆளானார்கள். பேசவைப்பதற்காக இருவரையும் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரித்தார்கள், அதனால் இன்னும் உள்ளே ஒடுங்கினார்கள். பிறகு தீ வைப்பு, திருட்டு, 1982 முதல் 11 ஆண்டு பிராட்மூர் மனநல மருத்துவமனை, 1993-இல் ஜெனிஃபரின் மரணம். இது மிக அரிதான, பல சிக்கல்கள் பின்னிய வாழ்க்கை. சாதாரணமாக நடப்பது இவ்வளவு பயங்கரமானதில்லை. பேச்சு ஒருவாறு வந்துவிடும், பதற்றம் தங்கிவிடும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு நடுங்குவது, நேர்முகத் தேர்வுக்கே போகாமல் இருப்பது, பேருந்தில் டிக்கெட் கேட்கத் தயங்குவது என்று அது தொடரும். மறுபக்கமும் உண்டு. சிறுவயதில் தனக்கு இந்தக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்டதை 2018-இல் ஸ்டாக்ஹோமில் மேடையேறிச் சொன்ன சூழலியல் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பெர்க், அதற்கு அடுத்த ஆண்டு ஐ.நா. அவையில் பேசினார். வழி திறந்தால் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு தூரமும் போவார்கள்.

விழுப்புரம் பகுதிப் பெற்றோருக்கு வழி தூரத்தில் இல்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சாலையில் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போகும்போது, பிள்ளை வீட்டில் தம்பியோடு சண்டை போடுவதையோ கதை சொல்வதையோ செல்போனில் இரண்டு நிமிடம் படம் பிடித்து எடுத்துப் போக வேண்டும். மருத்துவர் முன் அது ஒரு சொல்லும் பேசாது, ஆனால் அந்தப் படம் பேசும். வாசிப்புத் தேர்வுக்கும் இதே வழிதான். வீட்டில் பாடத்தை வாசிப்பதைப் பதிவுசெய்து ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மதிப்பெண் போடுவதில் என்ன தடை இருக்கிறது?

பள்ளிக்கல்வித் துறையிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. இல்லம் தேடிக் கல்வி இந்த மாவட்டத்து மண்ணில் தொடங்கியபோது, 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 முதல் 7 வரை, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு திண்ணையோ கூடமோ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த அந்த அமைப்பு, பேசாத பிள்ளைக்கு மிகப் பொருத்தமான நடுவழி. வீடும் இல்லை, பள்ளியும் இல்லை, பழகிய தெருவும் தெரிந்த அக்காவும். அந்த அக்காவோடு பேசிப் பழகிய பிள்ளையை, அவர் கையைப் பிடித்துக்கொண்டே வகுப்பறைக்குள் அழைத்து வரலாம். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தின் பயிற்சிக்காகத் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் குறுவள மையங்களில் கூடுகிறார்கள். அந்தப் பயிற்சியில் ஒரே ஒரு மணி நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்காக ஒதுக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களையும் அதே அறைக்கு அழைக்க வேண்டும், ஏனென்றால் மூன்று வயதில் இந்த மௌனத்தை முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். புதிய கட்டடமோ புதிய பணியிடமோ இதற்குத் தேவையில்லை. விழுப்புரம் மாவட்டம் இதையும் முதலில் தொடங்கலாம்.